ஊர்ச்சக்கரம்

அக்கா வீட்டில் மங்கலான டம்ளர் என்று ஒன்று இருந்ததே கிடையாது. காபி குடிக்கத் தூக்கினால் நம் மூக்கு அதில் கத்தரிக்காய் சைஸில் தெரியும். கதவுத் தாழ்ப்பாள், குழாய், பெல்ட்டின் கொக்கி, பால் பாத்திரத்தின் மூடி எல்லாமே மின்னும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவின் கணவர், என் அத்திம்பேர், பனியனும் வேஷ்டியுமாக ஹாலில் உட்கார்ந்து, பழைய துணியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார் என்றால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஒரு தடவை மூன்றாம் மாடி மாமி சர்க்கரை கடன் வாங்கக் கொடுத்தனுப்பிய கிண்ணத்தை மெருகேற்றித் திருப்பி அனுப்பினார். "உங்காத்து மாப்பிள்ளை என் கிண்ணத்தை மாத்திட்டார், இது என்னோடதே இல்லை" என்று மாமி அம்மாவிடம் சண்டைக்கே வந்துவிட்டாள்.

தன் மேல் ஒரு பொட்டுக் கறை பட்டாலும் அவரால் தாங்க முடியாது. ஒரு கல்யாணத்தில் யாரோ அவர் சட்டையில் ரசத்தைத் தெளித்துவிட, மாங்கல்ய தாரணத்துக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார். மாட்டுங்கா ஸ்டேஷனில் எவனாவது ஷூவை மிதித்துவிட்டால் போச்சு. பிளாட்பாரத்திலேயே குனிந்து கைக்குட்டையால் துடைப்பார். வண்டி வரும், போகும். நான் மட்டும் தொற்றிக்கொண்டு ஆபீஸ் போவேன்.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா போன பிறகு அம்மாவையும் என்னையும் பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு அழைத்து வந்து மாட்டுங்காவில் தன் வீட்டோடு வைத்துக்கொண்டவர். "பாரம்" என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. எனக்கு கோட்டைப் பகுதியில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதனாலேயே அவரை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிடிக்காத மனிதராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

செம்பூரில் ஒரு தொழிற்பேட்டையில் அவருக்கு ஒரு காலா இருந்தது. பம்பாயில் சின்னப் பட்டறைக்கு அதுதான் பெயர். மில் ஸ்ட்ரைக் முடிந்தும் முடியாமலும் இருந்த சமயம் அது. உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்க டாக்டர்கள் உடம்புக்குள் வைக்கும் ஸ்டீல் பிளேட்டும் ஸ்க்ரூவும் ஒரு பெரிய கம்பெனியில் வெட்டித் துளைபோட்டு, நம்பர் பொறித்து, கரடுமுரடாக அவரிடம் வரும். அவர் அதை வழுவழுவென்று ஆக்கித் திருப்பித் தருவார். "எலும்பு டாக்டருக்கு நான்தான் இஸ்திரிக்காரன், கேட்டியா" என்பார் பெருமையாக.

சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான். மத்தியானம் செம்பூருக்குப் போய் அவருக்கு பில் டைப் அடித்துக் கொடுப்பேன். அங்கே துணி சுற்றிய இரண்டு மெருகுச் சக்கரங்கள் உண்டு. ஜன்னலோரம் இருந்தது ஆஸ்பத்திரிச் சக்கரம். அதில் எலும்பு பிளேட்டைத் தவிர வேறெதுவும் படக்கூடாது. வாசல் பக்கம் இருந்தது ஊர்ச்சக்கரம். அது தர்ம காரியத்துக்கு. உற்சவம் வந்தால் கோயில் குத்துவிளக்குகள், குடங்கள், மணி எல்லாம் டாக்சியில் ஏறி செம்பூருக்கு வந்துவிடும். காலணா வாங்க மாட்டார். கோயில் சாமான் போதாதென்று பில்டிங்கில் இருக்கும் மாமிகள் எல்லாரும் துருப்பிடித்த அருவாமணையைக் கொடுத்தனுப்புவார்கள். அதையும் தீட்டிப் பளபளவென்று ஆக்கிக் கொடுப்பார்.

மெருகு போட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. ஸ்டீலின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டாம். உடம்புக்குள் இருக்கும் உப்புத் தண்ணீர் அரிக்காமல் பிளேட்டைக் காப்பது அந்தத் தோல்தானாம். மெருகு போட்ட பிளேட்டை நைட்ரிக் ஆசிட் தொட்டியில் முக்கி வைத்தால் அதில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளெல்லாம் கரைந்து, தோல் கெட்டிப்படும். தொட்டியிலிருந்து எடுத்த பிறகு அதைச் சக்கரத்தின் பக்கமே கொண்டுபோகக்கூடாது. கொண்டுபோனால் தோல் கெட்டுவிடும். இதெல்லாம் அவர் எனக்குச் சொல்லித் தெரிந்ததுதான்.

தாராவியிலிருந்து வரும் மைதீன் என்ற திருநெல்வேலிக்காரர்தான் தொட்டியைப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் அவர் ஆசிட்டிலிருந்து எடுத்த பிளேட்டை இன்னும் கொஞ்சம் மின்னட்டும் என்று சக்கரத்தில் வைத்துவிட்டார். அத்திம்பேர் கத்தின கத்தலில் நான் கார்பன் பேப்பரைத் தலைகீழாகச் சொருகிவிட்டேன்.

"ஆசிட்ல குளிச்சு வந்தது மடியாக்கும்! மடியா இருக்கறதைத் தொடலாமோ?"

"நல்லா மின்னட்டும்னுதான் மொதலாளி ஒரு இழுப்பு இழுத்தேன்" என்றார் மைதீன்.

"நீ தொழுகைக்கு ஒளு எடுத்துட்டு சேத்துல காலை வெப்பியா?"

"அதெப்படி மொதலாளி வைப்பேன்?"

"இதுவும் அதுதான்."

மைதீனுக்கு அப்புறம் அந்தப் பாடம் மறக்கவே இல்லை. மறந்தது அத்திம்பேருக்கு.

மழைக்காலத்தில் ஒரு நாள் மாட்டுங்கா ஸ்டேஷன் படிக்கட்டில் அக்கா வழுக்கி விழுந்தாள். இடது காலில், முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போய்விட்டது. சயான் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். பிளேட் வைத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். அத்திம்பேருக்கு ஒரு கண்ணில் அழுகை, ஒரு கண்ணில் பெருமை. "நம்ம பிளேட்டுதான் வெக்கணும் டாக்டர், நான் என் கையால பொறுக்கி எடுத்துத் தரேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். டாக்டரும் சரி என்றுவிட்டார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் கணபதி கரைக்கிற நாள். நான் அக்காவுடன் நர்சிங் ஹோமில் இருந்தேன். அத்திம்பேர் பிளேட்டையும் ஸ்க்ரூக்களையும் வெள்ளைத் துணியில் சுற்றி மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெண்டாட்டி எலும்பில் ஏறப்போகிற பிளேட்டாயிற்றே, சுவாமியிடம் வைத்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று அவருக்கு ஆசை. எங்கள் மனிதர்கள் புது ஸ்கூட்டரானாலும் ரேடியோவானாலும் குங்குமம் வைக்காமல் தொட மாட்டார்கள். எலும்பு பிளேட்டை மட்டும் விட்டுவிடுவார்களா?

குங்குமம் வைக்க வீட்டில் ஆள் இல்லை. அக்கா கட்டிலில் கிடக்கிறாள். நான் அவள் பக்கத்தில். அம்மா மட்டும்தான். அப்பா போன நாளிலிருந்து அம்மா குங்குமச் சிமிழைத் தொட்டதில்லை. சுவாமி அலமாரிக்குப் பக்கத்தில் நிற்பாளே தவிர, பொட்டு வைப்பதெல்லாம் அக்காதான். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் அப்படித்தான். யோசித்தால் வயிறு எரியும்.

"நீங்களே வைங்கோம்மா" என்றார் அத்திம்பேர்.

"நான் வெக்கலாமோ?"

"பெத்தவா வெக்காம வேற யார் வெப்பா? இந்தக் காலத்துல போய் இதெல்லாம் பார்த்துண்டு!"

அம்மா பிளேட்டின் நடுவில், நம்பர் பொறித்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். சாயங்காலம் நர்சிங் ஹோமுக்கு வந்து எங்கள் இருவரிடமும் இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "மாப்பிள்ளையே சொன்னார்டீ, நீங்களே வைங்கோன்னு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்கா வலியோடு சிரித்தாள். எனக்கு அத்திம்பேரை எழுந்து நமஸ்காரம் பண்ணலாம் போல இருந்தது.

அதற்கு நடுவில் நடந்தது எங்களுக்குத் தெரியாது. பின்னால் அவரே சொன்னதுதான்.

பிளேட்டை சோப்புப் போட்டு அலம்பியிருக்கிறார். டூத் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார். பொறித்திருந்த நம்பரின் இடுக்கில் கொஞ்சம் சிவப்பு போகவில்லையாம். வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. இவர் கண்ணில் பட்டுவிட்டது. வேறு பிளேட்டை எடுத்துக்கொள்ளலாம் என்றால், அந்த நீளத்தில் தயாராக இருந்தது அது ஒன்றுதான். அம்மா பொட்டு வைத்ததை மாற்றவும் மனசு வரவில்லையாம். டாக்சி பிடித்து செம்பூருக்கு ஓடியிருக்கிறார். லீவு நாள், மைதீன் இல்லை. ஆஸ்பத்திரிச் சக்கரத்தின் துணியைப் புதிசாக மாற்றுவதற்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். ஆசிட் தொட்டியையும் காலி செய்து கவிழ்த்திருந்தார்கள். ஊர்ச்சக்கரம் மட்டும் இருந்தது. அந்த வாரம் முழுக்கக் கோயில் விளக்கும் மாமிகளின் அருவாமணையும் தேய்ந்த சக்கரம்.

"ஒரே ஒரு தொடு தொட்டேன். சிவப்பு போயிடுத்து" என்றார்.

மறுபடி தொட்டியில் முக்கியிருக்க வேண்டும். தொட்டியை நிரப்ப நேரமில்லை, ரோடெல்லாம் கணபதி ஊர்வலம், இருட்டுவதற்குள் நர்சிங் ஹோமில் கொடுத்தாக வேண்டும். ஸ்பிரிட்டில் துடைத்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அவர்கள் ஆவியில் வேகவைத்து மறுநாள் அக்கா காலுக்குள் வைத்துவிட்டார்கள். ஆவியில் கிருமி சாகும். சக்கரத்திலிருந்து பிளேட்டில் பதிந்துபோன அருவாமணை இரும்புத் தூள் எங்கே போகும்?

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கோயிலில் யார் விசாரித்தாலும் "அவ கால்ல இருக்கறது என் கைவேலையாக்கும்" என்று நெஞ்சை நிமிர்த்துவார். நவராத்திரி சமயத்தில் அக்காவுக்குக் கால் வீங்கியது. சிவந்தது. தையல் போட்ட இடம் பிளந்துகொண்டு நீர் கசிந்தது. ஊசி, மாத்திரை எதற்கும் மசியவில்லை. எலும்பும் சேரவில்லை. கடைசியில் டாக்டர் மறுபடி திறந்து பிளேட்டை வெளியே எடுத்துவிட்டார்.

பீங்கான் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார்கள். பிளேட்டின் இரண்டு முனையும் வைத்தபோது இருந்த மாதிரியே இருந்தது. நம்பர் பொறித்த இடத்தைச் சுற்றி மட்டும் பழுப்புப் பழுப்பாகப் புள்ளி. அதை ஒட்டியிருந்த சதை கறுத்துப் போயிருந்தது என்றார் டாக்டர். அத்திம்பேர் தட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். நம்பர் பொறித்த இடத்தை விரலால் தடவினார்.

அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "டாக்டரைக் கேளுடீ. குங்குமம் பட்டா இப்படி ஆகுமான்னு கேளு."

நான் இந்தியில் கேட்டேன். டாக்டர் அடுத்த பேஷண்டைப் பார்க்கிற அவசரத்தில் தோளைக் குலுக்கினார். "குச் பீ ஹோ சக்தா ஹை. தோடா பீ கந்தகீ ஹோ தோ..." என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட்டார். எது வேண்டுமானாலும் இருக்கலாம், கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் போதும் என்றார். அம்மாவுக்கு இந்தி வராது. ஆனால் பம்பாயில் குடியிருப்பவர்களுக்கு 'கந்தகீ' தெரியாமல் இருக்குமா? அசிங்கம். அம்மா தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு அதைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அத்திம்பேர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றார். பிளேட்டைப் பார்த்த அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அலம்பி, ஆவியில் வெந்த பிளேட்டைக் குங்குமம் ஒன்றும் செய்யாது, செய்தது சக்கரம்தான் என்று சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். வாயைத் திறக்கவில்லை. மாட்டுங்கா முழுக்கத் தன் கைவேலை என்று சொல்லி வைத்திருந்தாரே, அதை எப்படித் திருப்பி வாங்குவது? சட்டையில் ரசம் பட்டாலே ஓடி வருகிற மனிதர்.

மூன்றாம் மாடி மாமி வந்தாள். "நீங்க தொட்டிருக்க வேண்டாம் மாமி. ஆயிரம்தான் இருந்தாலும் நாமெல்லாம் ஒதுங்கித்தான் இருக்கணும்" என்றாள், என்னமோ ஆறுதல் சொல்கிற மாதிரி. அவளும் புருஷனைப் பறிகொடுத்தவள்தான். நான் வாய்க்கு வந்தபடி அவளைப் பேசிவிட்டேன். அம்மா என்னைத்தான் அடக்கினாள்.

அன்றிலிருந்து அம்மா அக்காவைத் தொடவில்லை. சின்ன வயசிலிருந்து அக்காவுக்குத் தலை வாரிவிடுவது அம்மாதான். கல்யாணமான பிறகும் அதை விட்டதில்லை. இப்போது சாதத் தட்டைக் கட்டிலுக்கு எட்டத்தில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். அக்கா படுத்துக்கொண்டே கத்துவாள். "அம்மா, சிக்குப் பிடிச்சுக் கிடக்கு தலை. வந்து வாரி விடேன். உன் கை என்னை என்ன பண்ணிடும்?"

"வேண்டாம்டீம்மா. இன்னொரு காலாவது உனக்கு மிஞ்சட்டும்."

அத்திம்பேர் அங்கேயே நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு வரி படித்திருக்க மாட்டார் என்று இப்போது தெரிகிறது.

தீபாவளி போயிற்று. கார்த்திகை போயிற்று. அந்த மாதங்களில் அவர் அம்மாவிடம் காட்டிய கரிசனம் இருக்கிறதே! டிரான்சிஸ்டர் வாங்கிக் கொடுத்தார். புதுக் கண்ணாடி போட்டுவிட்டார். மார்க்கெட்டிலிருந்து அம்மா கறிகாய்ப் பை தூக்கி வந்தால் படியிறங்கி ஓடுவார். "இந்தக் காலத்துல யாருக்குக் கிடைப்பா இப்படி ஒரு மாப்பிள்ளை" என்று அம்மா உருகுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னைவிட அதிகமாகத் தேய்த்தார். தேய்க்க ஒன்றும் அகப்படாவிட்டால் தேய்த்ததையே எடுத்துத் தேய்த்தார்.

தை மாதம் எனக்கு வரன் குதிர்ந்தது. பையன் வீடு செம்பூரில். நிச்சயதார்த்தத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது பார்த்தால், அம்மா ஒரு சின்னப் பையில் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"எங்கேம்மா கிளம்பறே?"

"காட்கோபர்ல என் ஒண்ணுவிட்ட தம்பியாத்துக்கு. உன் நல்ல காரியம் முடிஞ்சதும் வரேன். என் பார்வை உன் மேல விழ வேண்டாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பையைப் பிடுங்கினேன், அவள் விடவில்லை. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தாங்கித் தாங்கி வந்தாள். அப்போதுதான் அத்திம்பேர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அம்மா, நீங்க எங்கேயும் போக வேண்டாம். உங்க குங்குமம் ஒண்ணும் பண்ணலை. நான்தான் பண்ணினேன்."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். இடுக்கில் இருந்த சிவப்பு, டாக்சி, கவிழ்த்திருந்த தொட்டி, ஊர்ச்சக்கரம், ஒரு தொடு. "அன்னிக்கு ஜன்னல்கிட்ட நின்னப்பவே எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரலை. வெட்கமா இருந்தது" என்றார். அவர் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. அம்மா ஒரு வார்த்தை திட்டப் போகிறாள், திட்டட்டும், இவருக்கு வேண்டியதுதான் என்று காத்திருந்தேன்.

அம்மா பையைக் கீழே வைத்தாள். அவர் முகத்தையே பார்த்தாள். "எனக்காக இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்றேளே மாப்பிள்ளை" என்றாள்.

"பொய்யில்லைம்மா! சத்தியம்!"

"ஐயோ, சத்தியமெல்லாம் பண்ணாதேங்கோ. அந்தப் பாவமும் எனக்கு வேண்டாம். மைதீனை அந்தத் திட்டுத் திட்டினவர் நீங்க. நீங்களா தொட்டிருப்பேள்? அதுவும் பெண்டாட்டிக்குப் போற பிளேட்டை? ஒரு கிண்ணத்துல புள்ளி இருந்தா தூங்க மாட்டேள். எனக்குத் தெரியாதா என் மாப்பிள்ளையை?"

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "அம்மாவை நிறுத்தறதுக்கு வேற கதை கிடைக்கலியா உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அவள் நம்பவில்லையா, நம்ப வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் அவரோடு வாழ்ந்தாக வேண்டுமே.

அத்திம்பேர் விடவில்லை. மறுநாள் பட்டறையிலிருந்து இரண்டு பிளேட் கொண்டுவந்தார். இரண்டும் ஆசிட்டில் முக்கி எடுத்ததுதான், இதை மட்டும் அப்புறம் ஊர்ச்சக்கரத்தில் தொட்டேன் என்று அம்மாவிடம் காட்டினார். இரண்டு கண்ணாடி டம்ளரில் உப்புத் தண்ணீர் கரைத்துத் தரச் சொன்னார். அம்மா கரைத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பிளேட்டைப் போட்டு ஜன்னலில் வைத்தார். இரண்டு மூன்று நாளில் ஒன்றில் பழுப்புப் புள்ளி கிளம்பியது. மற்றது போட்ட மாதிரியே இருந்தது. பரீட்சையில் பாஸான பையனைப் போல அம்மாவைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டி வந்து காட்டினார்.

"பார்த்தேளா? இதேதான் அதுலயும் வந்தது. குங்குமமா இருக்கு இதுல?"

அம்மா குனிந்து பார்த்தாள். "உப்புக் கரைச்சது நான்தானே" என்றாள்.

"ரெண்டுலயும் நீங்கதானேம்மா கரைச்சேள்!"

"ஆமாம். நல்லா இருக்கறது உங்க கை பட்டதனால. கெட்டது என் கை பட்டதனால."

அம்மாவிடம் வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது. அவளுக்கு அவர் கெட்டவராக ஆகவே முடியாது. முடிந்தால் அவளுக்கு வேறு பிடிமானம் ஏது? காட்கோபர் போவதை மட்டும் நிறுத்தினாள். "நீங்க இவ்வளவு சொல்றதுக்காக இருக்கேன். ஆனா சமையலறையை விட்டு வர மாட்டேன்" என்றாள். பிறகு வெகுகாலம் உயிரோடு இருந்தாள். என் பெண் பிறந்தபோது எட்ட நின்றுதான் பார்த்தாள். குங்குமச் சிமிழைக் கடைசிவரை தொடவே இல்லை.

நிச்சயதார்த்தத்தன்று ஹாலில் ஜமக்காளம் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தாங்கித் தாங்கிக் காபி கொண்டுவந்ததைப் பார்த்து, பையனின் அப்பா "கால்ல என்ன?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். யாராவது பதில் சொல்வதற்குள் சமையலறை வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தான் பொட்டு வைத்தது, பிளேட் கெட்டுப்போனது, மாப்பிள்ளை பழியைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டது, டம்ளரில் பிளேட்டைப் போட்டு வைத்துக்கூடத் தன்னை நம்பவைக்கப் பார்த்தது, ஒன்றையும் விடவில்லை. "என் பாவத்தைத் தன்னோடதுங்கறார் இவர். பெத்த பிள்ளை செய்வானா?" என்று முடித்தாள்.

"இல்லை சார். நெஜமாவே நான்தான்" என்றார் அத்திம்பேர். "என் பட்டறையில, என் கையால..."

"பாருங்கோ, இன்னும் விட மாட்டேங்கறார்!" என்று ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். பையனின் அப்பா எழுந்து வந்து அத்திம்பேரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஜாதகம், வரதட்சணை எல்லாம் கிடக்கட்டும் சார். இப்படி ஒரு மனுஷர் இருக்கற ஆத்துல பொண்ணெடுக்கக் குடுத்து வெச்சிருக்கணும்." என் கல்யாணம் அந்த நிமிஷத்தில் நிச்சயமாயிற்று. அதன் பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் இந்தக் கதை சொல்லப்படாமல் இருந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து எங்கேயாவது போய்விடுவேன்.

அன்றைக்கு அத்திம்பேர்தான் எழுந்து பால்கனிக்குப் போனார். நான் பட்டுப்புடவையோடு பின்னாலேயே போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையனின் அப்பா கையைப் பிடித்ததில் சட்டையின் முன்பக்கம் முழுக்கக் காபி கொட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"நீயாவது நம்பறியாடீ?" என்றார்.

அவர் கண்ணைப் பார்த்தால் ஏதாவது சமாதானம் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது. கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நம்பறேன் அத்திம்பேர். நீங்கதான் பண்ணினேள். குங்குமம் ஒண்ணும் பண்ணலை. சொல்லாம இருந்தேள் பாருங்கோ, அதுவும் நீங்கதான்."

"அப்பாடா" என்றார். மூச்சை இழுத்து விட்டார். "ரொம்ப சந்தோஷம்டீ."

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "மாப்பிள்ளை எங்கே? நாழியாறது பாரு. நிச்சயத் தாம்பூலத்தை அவரையே குடுக்கச் சொல்லுங்கோ. ராசியான கை."

அத்திம்பேர் தன் கையை விரித்து ஒரு தரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.